அது காலிக்குடம், பாப்பா

எங்கள் பாட்டு வீடியோ 3 நிமிடம் 42 நொடி ஓடும். எடுக்க நான்கு நாள், எடிட் செய்ய மூன்று வாரம். பார்த்தவர்களிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்டு உருப்படியாக ஒரு பதில் வாங்க இரண்டு மாதம் ஆனது.

நான் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு. வீடு சென்னை பெரம்பூரில். எங்கள் குழுவில் நான்கு பேர். பாட்டு எழுதிப் பாடி நடித்தவள் ஒருத்தி, கேமரா பிடித்தவன் ஒருவன், தாளம் போட்டு மிக்ஸ் செய்தவன் ஒருவன், எடிட்டிங்குக்கு நான். பெயர் போட்டால் மூன்று பேரும் சண்டைக்கு வருவார்கள். அதனால் பாடகி, கேமராக்காரன், தாளக்காரன் என்றே வைத்துக்கொள்கிறேன். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டில் வீடியோ மட்டும் கொடுத்தால் போதாது. பார்வையாளர்களிடம் கருத்து வாங்கி, அதை வைத்து எதை மாற்றினோம் என்று அறிக்கையும் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையைக் கடைசி ராத்திரி உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பாட்டு குடத்தைப் பற்றியது. 2019 கோடை நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரியும் வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம். 50 வேகனில் 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் முதல் ரயில் வந்து நின்றதை டிவியில் பார்த்தோம். அன்று எங்கள் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பு. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், விடியற்காலையிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். குடம் நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு. பச்சைக் குடம் என்றால் மாடி வீட்டு அக்கா, நசுங்கிய நீலக் குடம் என்றால் நாங்கள். இந்தக் கணக்கிலிருந்துதான் பாடகிக்குப் பாட்டு பிறந்தது. வரிசை நகர்கிறது, எல்லாக் குடமும் நகர்கிறது, ஒரு சிவப்புக் குடம் மட்டும் நகர்த்த ஆள் இல்லாமல் நிற்கிறது. அது அம்மாவின் குடம். கடைசியில் மகள் வந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாள். தாளமும் குடத்திலேயே. பிளாஸ்டிக் குடத்தின் வாய்க்குள் மைக்கை இறக்கி, அடியில் தட்டினால் ‘தும்’, பக்கவாட்டில் விரலால் தட்டினால் ‘டக்’. இரண்டே ஓசையில் பாட்டு முழுவதையும் ஓட்டியிருக்கிறான் தாளக்காரன். இது எனக்கு இன்றைக்கும் பெருமை.

சரி, கருத்துக் கேட்ட கதைக்கு வருகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். கூகுள் ஃபார்மில் பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் லிங்க். ஒரே ராத்திரியில் 41 பேர் நிரப்பிவிட்டார்கள். ‘வேற லெவல்’, ‘செம மச்சி’, ‘புல்லரிக்குது’, அப்புறம் வரிசையாக நெருப்புப் பொம்மைகள். ஒருவன் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் ‘லிங்க் ஓப்பன் ஆகல, அப்புறம் பாக்குறேன்’ என்று எழுதியிருந்தான். நேர்மையான பிள்ளை.

எங்கள் கைடு மேடம் அந்த ஃபார்மைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. “மூணாவது கேள்வியப் படி” என்றார். ‘பாடலின் ஆழமான சமூகக் கருத்து உங்களை எந்த அளவுக்குத் தொட்டது?’ என்று எழுதியிருந்தேன். “ஆழம்னு நீயே சொல்லிட்ட, தொட்டுச்சுன்னும் நீயே சொல்லிட்ட. அவங்க என்ன சொல்லணும்?” ஏழாவது கேள்வி ‘கேமராவும் எடிட்டிங்கும் எப்படி?’ கேமரா பிடித்து எடிட்டிங் பிடிக்காதவன் எந்த எண்ணைப் போடுவான்? இரண்டாம் ஆண்டில் கேள்வித்தாள் தயாரிப்பது பற்றி இதே மேடம் நடத்தியபோது முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தவள் நான். சொந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்கும்போது படித்ததெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது.

அடுத்து செமினார் ஹாலில் ஜூனியர்களுக்குப் போட்டுக் காட்டினோம். ஹால் ஆம்ப்ளிஃபயரின் வயர் அன்றைக்குப் பார்த்துப் போய்ச் சேர்ந்தது. தாளக்காரன் தன் புளூடூத் ஸ்பீக்கரை இணைத்தான். படம் முடிந்ததும் துண்டுச் சீட்டுகளில் எழுதி வாங்கினோம். முக்கால்வாசிச் சீட்டில் ஒரே விஷயம்: லிப் சிங்க் ஒட்டவில்லை. எனக்கு முகமே செத்துவிட்டது. வாயசைவை ஃப்ரேம் ஃப்ரேமாக ஒட்டியவள் நான்தானே. ஹாஸ்டல் தோழி அறைக்குப் போய் லேப்டாப்பில் வயர் ஹெட்போன் போட்டுப் பார்த்தால் கச்சிதமாக ஒட்டுகிறது. திருடன் புளூடூத். அது ஒலியைப் பொட்டலம் கட்டி அனுப்பிப் பிரிப்பதற்குள், எங்கள் கணக்கில் நான்கைந்து ஃப்ரேம் ஓடிவிட்டது. நொடிக்கு 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லிசெகண்ட். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, சத்தம் படத்தைவிட ஏறக்குறைய 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ 125 மில்லிசெகண்ட் பிந்தினாலோ பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்துவதை நாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறோம். இடி எப்போதும் மின்னலுக்கு அப்புறம்தானே கேட்கிறது. ஆனால் நான்கைந்து ஃப்ரேம் என்பது பொறுமையின் எல்லைக்கு அந்தப் பக்கம். அந்தச் சீட்டுகளெல்லாம் எங்கள் வீடியோவைப் பற்றியவை அல்ல, ஸ்பீக்கரைப் பற்றியவை. அத்தனையும் குப்பைக்குப் போயின.

இன்னொரு நாள், இன்னொரு வகுப்பு, இந்த முறை வயருடன். அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். திரைக்கு முதுகைக் காட்டி, பார்ப்பவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். காதில் பாட்டு ஓடுகிறது, எந்த நொடியில் என்ன ஷாட் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். முகங்களை மட்டும் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்தேன். 0.48இல் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ கேட்டாள். 1.20இல் ‘ஓ’ என்று ஒரு சத்தம். அது கேமராக்காரனின் செல்ல ஷாட்: தெருவில் தேங்கிய தண்ணீரில் குட வரிசை தலைகீழாகத் தெரியும். 1.55இல் ஒரு போன் வெளிச்சம். 1.58இல் இன்னும் இரண்டு. 2.05க்குள் ஆறு முகங்கள் நீலமாகிவிட்டன.

1.55இல் என்ன வருகிறது? மகள் குடத்தோடு நடக்கும் ஸ்லோமோஷன். நாங்கள் அதிகம் பாடுபட்ட இடமே அதுதான். ஸ்லோமோஷனிலும் வாயசைவு பாட்டோடு ஒட்ட வேண்டுமானால், ஷூட்டிங்கில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கே அவள் வாயசைக்க வேண்டும். 50 ஃப்ரேமில் எடுத்ததை 25இல் ஓட்டினால் நடை மெதுவாகும், வாய் பாட்டோடு சரியாகச் சேரும். எலி கத்துவது போன்ற பாட்டுக்குத் தெருவே சிரிக்க, பதினோரு டேக். அந்த உழைப்பை நினைத்து அந்த ஷாட்டைப் பதினைந்து நொடி விட்டிருந்தேன். பார்ப்பவனுக்கு என் பதினோரு டேக் எதற்கு? ஆறு நொடியாக வெட்டினேன். வெட்டும்போது கை நடுங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் பழைய ஃபைலை அழிக்கவில்லை.

யூடியூபில் அன்லிஸ்டெட் லிங்க்காக (லிங்க் கையில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி) போட்டு, பார்வையாளர்கள் எங்கே விட்டுப் போகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தையும் பார்த்தோம். எங்களுக்குக் கிடைத்த பார்வைகளே கொஞ்சம், அதில் பாதி தாளக்காரனின் அத்தைமார்கள். அதை விடுங்கள்.

வியாசர்பாடியில் குடம் கொடுத்து, வரிசையில் நின்று நடித்துக் கொடுத்த அக்காக்களுக்கு, படம் முடிந்ததும் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பூரில் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனான வியாசர்பாடி ஜீவாவில் இறங்கினோம். இது கருத்துக் கேட்கும் பயணம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நன்றிக்கடன் என்றுதான் போனோம், கையில் ஒரு கிலோ மிக்சரோடு. வெயிலில் திரை தெரியாது என்று மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூலில் லேப்டாப்பை வைத்தோம். ஏழு அக்காக்கள், படியில் ஓர் ஆயா, எண்ண முடியாத அளவுக்குப் பொடிசுகள்.

முதல் முறை ஓடியபோது பாட்டே கேட்கவில்லை. “ஏய், உன் நைட்டி வருது பாரு”, “ஐயோ என் மூஞ்சி!”, “எம்மா எங்கம்மா?” நடித்தவர்களுக்கு முதல் காட்சி கண்ணாடி மாதிரி. தங்களைத் தேடி முடித்த பிறகுதான் படத்தைப் பார்ப்பார்கள். அதனால் மறுபடி போட்டோம். 1.20இல் அந்தத் தேங்கிய தண்ணீர் ஷாட் வந்ததும் ஓர் அக்கா கேட்டார்: “பஞ்சம்னு பாடுறீங்க, தெரு பூரா தண்ணி நிக்குது?”

மொத்தப் படிக்கட்டும் சிரித்தது. நாங்கள் டிசம்பரில் எடுத்தோம், மழை விட்ட மறுநாள். கலரை எவ்வளவு மஞ்சளாக்கிக் கோடையாக்கினாலும் தேங்கிய தண்ணீர் காய்ந்துவிடுமா? கல்லூரியில் ‘ஓ’ வாங்கிய அதே ஷாட்.

மூன்றாம் முறை அவர்களே போடச் சொன்னார்கள். ஸ்லோமோஷன் வந்தது. சிரிப்பெல்லாம் அடங்கியிருந்த நேரத்தில் படியிலிருந்து ஆயா, என்னவோ மகள் தப்புக் கணக்குப் போட்டதைத் திருத்துகிற தொனியில் சொன்னார்:

“அது காலிக்குடம், பாப்பா.”

நான் சமாளிக்கப் பார்த்தேன். “இல்ல ஆயா, நெறைய தண்ணி இருக்கிற மாதிரிதான்...”

“இன்னா மாதிரி? தண்ணி இருந்தா இந்தக் கை சும்மா இருக்குமா?” என்று எழுந்தார். பக்கத்தில் இருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். அதுவும் காலிதான். ஆனால் அவர் இடுப்பில் ஏறியதும் அது நிரம்பிவிட்டது. உடம்பு மறுபக்கம் சாய்ந்தது, வெறுங்கை தானாக வெளியே விரிந்தது, அடி சின்னதானது, கீழுதடு உள்ளே மடிந்தது. நான்கே அடி நடந்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார்.

15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. 2019இல் அதைத் தினம் இரண்டு நடை தூக்கியவள் நான். மூன்று வாரம் அந்த ஷாட்டை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்திருக்கிறேன், என் இடுப்புக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வகுப்பிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் வீட்டில் கேன் தண்ணீர். கேனைக் கடைக்காரப் பையன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். ஒருவேளை அந்த ஆறு போன்களும் ஷாட் நீளம் என்பதற்காக மட்டும் எடுக்கப்படவில்லையோ என்று ரயிலில் திரும்பும்போது தோன்றியது. பொய் என்று கண்டுபிடிக்கத் தெரியாதவர்களுக்கும் பொய் சலிக்கத்தான் செய்யும் போல. இதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

இன்னொரு விஷயமும் அன்று தெரிந்தது. அந்த அக்காக்கள் மறுபடி பார்ப்பதற்காக லிங்க்கைத் தங்கள் போனில் வாங்கிக்கொண்டார்கள். போன் ஸ்பீக்கரில் எங்கள் ‘தும்’ காணாமல் போய் ‘டக்’ மட்டும் கேட்டது. அடித்தொனியெல்லாம் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது. ஹெட்போனில் மிக்ஸ் செய்துவிட்டு ஊரே ஹெட்போனில் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தாளக்காரன் அன்று மிக்சர் சாப்பிடவில்லை.

அப்புறம் சண்டை. தேங்கிய தண்ணீர் ஷாட்டைத் தூக்கணும் என்றேன். கேமராக்காரன் பொங்கிவிட்டான். “படிக்கட்டுல உக்காந்து சிரிக்கிறவங்களுக்காகவா எடுத்தோம்? ஷாட்டப் பாத்து ஓன்னாங்கல்ல, அதுவும் ஆடியன்ஸ்தான?” அவன் சொன்னதில் பாதி சரி என்று இப்போதும் நினைக்கிறேன். எங்கள் அறிக்கையில் முதன்மைப் பார்வையாளர், இரண்டாம்நிலைப் பார்வையாளர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில் ‘18–25 வயது, நகர்ப்புறம்’ என்று எழுதியிருந்தோம். வியாசர்பாடி அக்காக்கள் இரண்டாவதில்கூட இல்லை. யாரைப் பற்றிப் பாடினோமோ அவர்களுக்கு எங்கள் படிவத்தில் கட்டமே போடவில்லை. ஆனாலும் எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. வகுப்பின் ‘ஓ’ கேமராவுக்கு விழுந்தது. படிக்கட்டின் சிரிப்பு பாட்டுக்கு விழுந்தது. சிரித்த பிறகு அடுத்த இருபது நொடிக்கு யாரும் பாட்டுக்குத் திரும்பவில்லை. நோட்டில் நேரத்தோடு இருக்கிறது.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்தான். “லாரி போனதுக்கு அப்புறம் வை” என்றான். தண்ணீர் லாரி நின்ற இடத்தில் குழாய் ஒழுகி ஒரு குட்டை நிற்காமல் போகுமா? முழுப் பஞ்சத்திலும் லாரிக்கு அடியில் மட்டும் தரை நனைந்திருக்கும். அதே ஷாட்டை 1.20இலிருந்து தூக்கி, லாரி கிளம்பும் 2.40க்குக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு ஃப்ரேம்கூட மாற்றவில்லை. முன்பு அழகாக மட்டும் இருந்தது. இப்போது, எல்லோரும் பிடித்துக்கொண்டு போன பின்னும் தரையில் கிடக்கும் தண்ணீர். பொறாமையாக இருந்தது, எடிட்டர் நான், யோசனை அவனுடையது.

குட ஷாட்டை மறுபடி எடுத்தோம், இந்த முறை குடம் நிறைய. பாடகி முதல் டேக்கில் வாயசைக்கவே முடியவில்லை. மூச்சு குடத்துக்குப் போய்விட்டது. இரண்டாவதில் ஒரு சொல் வந்தது. மூன்றாவதில் குடம் தளும்பிப் பாவாடையெல்லாம் நனைந்து, “முடியல டீ” என்று நின்றுவிட்டாள். அங்கேதான் எங்களுக்கு விளங்கியது: நிறைகுடம் இடுப்பில் இருக்கும்போது யாரும் பாடுவதில்லை. வாயசைவு வேண்டாம் என்று முடிவு செய்தோம். குரல் தன்பாட்டுக்குப் போகட்டும், அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நடக்கட்டும். ஸ்லோமோஷனும் வேண்டாம். பதினோரு டேக்கின் மிச்சம் இருந்த ஆறு நொடியும் போயிற்று. மிச்சத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றப் போன கேமராக்காரனை ஓர் அக்கா திட்டிய திட்டு தனிப் பதிவாகப் போட வேண்டியது.

இரண்டாம் சுற்றில் ஃபார்மைத் தூக்கிப்போட்டுவிட்டு மூன்றே கேள்வி கேட்டேன், நேரில். கதையைச் சொல்லுங்கள். எங்கே போர் அடித்தது? ஒரே ஒரு ஷாட்டைத் தூக்கச் சொன்னால் எதைத் தூக்குவீர்கள்? மூன்றாவதுதான் பொன். ‘குறை சொல்லுங்கள்’ என்றால் நம் ஆட்களுக்கு வாய் வராது, முகத்தாட்சண்யம். ‘ஒன்றைத் தூக்கியே ஆகணும்’ என்றால் உற்சாகமாகக் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் கேள்வியில் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. சிவப்புக் குடத்தின் சொந்தக்காரி எங்கே? வகுப்பில் கேட்டவர்களில் அநேகமாக எல்லோரும், அம்மா இறந்துவிட்டார் என்றார்கள். பாடகி நினைத்து எழுதியதும் அதுதான். வியாசர்பாடியில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. “வேலைக்குப் போயிருக்கும். இன்னும் பஸ் வந்திருக்காது” என்றார் ஓர் அக்கா, இதில் என்ன சந்தேகம் என்பது போல. பாடகி அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பாட்டில் ஒரு வரியை மாற்றலாமா என்று ராத்திரி மெசேஜ் அனுப்பினாள், காலையில் அழித்துவிட்டாள்.

அறிக்கை கொடுத்துவிட்டோம். வட்ட வரைபடம் கேட்டார்கள், போட்டிருக்கிறேன்.

போன வாரம் புது வெர்ஷனோடு ஆயாவைப் பார்க்கப் போனேன், தனியாக. லேப்டாப் கொண்டுபோகவில்லை, என் போனையே கையில் கொடுத்தேன். கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார். நான் வழக்கம்போல் நோட்டைத் திறந்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். 2.02இல் குடம் தளும்பியது. ‘ஸ்ஸ்’ என்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். குறித்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுக்காமல் காதில் வைத்துப் பார்த்தார்.

“சவுண்டே கேக்கல பாப்பா. இன்னொரு தபா போடு.”